குவார்ட்டர்பேக் என்றால் பந்து எறிபவர் மட்டுமா? ஸ்டீவ் ஸ்பரியர் வாழ்க்கையை வைத்து ஒரு எளிய விளக்கம்

அமெரிக்கன் ஃபுட்பால் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கருத்துகள் உடனே வந்து விழும். "குவார்ட்டர்பேக்கா? பந்தைத் தூரமா எறியறவர், அவ்வளவுதான்" என்பது ஒன்று. "அவர்தான் கேப்டன், எல்லாத்தையும் அவரே முடிவு பண்ணுவார்" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் இந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டால் அந்த ஆட்டக்காரர்களில் ஏன் இத்தனை பேர் பின்னாளில் பயிற்சியாளர் ஆகிறார்கள் என்பது புரியவே புரியாது. அதோடு, பெரிய ஆட்டக்காரர் என்றால் பெரிய பயிற்சியாளராகவும் வருவார் என்ற நம்பிக்கையும் நம்மில் பலருக்கு உண்டு. கிரிக்கெட்டில் கூட அது எப்போதும் நடப்பதில்லை.

இதை எளிதாக விளக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஸ்டீவ் ஸ்பரியர். புளோரிடா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக், அப்புறம் அதே பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். நடுவில் ஒரு நீண்ட சுமாரான காலம், பின்னால் ஒரு பெரிய சறுக்கல். எல்லாம் ஒரே ஆளின் வாழ்க்கையில் இருப்பதால் விளக்குவதற்கு வசதி.

முதலில் ஆட்டம்

திடல் 100 கெஜம் நீளம். இரண்டு கடைசியிலும் பத்துப் பத்துக் கெஜத்துக்கு ஒரு பகுதி இருக்கும். எதிரணியின் அந்தப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோய்விட்டால் அது டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் அது ஃபீல்டு கோல், 3 புள்ளி. அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் தருவார்கள். ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். ஒரு ஓவருக்கு ஆறு பந்து மாதிரி இங்கே நான்கு டவுன், ஆனால் 10 கெஜத்தைத் தாண்டிவிட்டால் மறுபடியும் புதிதாக நான்கு கிடைக்கும். தாண்டாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு எரிச்சல் தருவது ஒரே விஷயம்தான்: ஐந்தாறு வினாடி ஆடுகிறார்கள், அப்புறம் அரை நிமிடம் சும்மா நிற்கிறார்கள். உண்மையில் அந்த அரை நிமிடத்தில்தான் ஆட்டமே நடக்கிறது. இரண்டு பந்துகளுக்கு இடையில் கேப்டன் ஃபீல்டரை நகர்த்துவதும் பேட்ஸ்மேன் ஒரு சுற்றுப் பார்த்துக்கொள்வதும் போலத்தான். இங்கே 22 பேரும் ஒவ்வொரு முறையும் புதிதாக அணிவகுக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் அந்த ஐந்தாறு வினாடிக்கென்று தனி வேலை முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அப்படி எழுதிவைத்த ஒரு திட்டத்துக்குப் பெயர் பிளே. ஒரு அணியிடம் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும்.

நடுவில் குனிந்து நிற்பவர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தருவதை ஸ்னாப் என்பார்கள். 1880-ல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் வற்புறுத்தி இந்த விதியைக் கொண்டுவந்தார், அதுவரை ரக்பி மாதிரி ஒரு தள்ளுமுள்ளுதான். அந்த ஸ்னாப்பை வாங்குபவர் குவார்ட்டர்பேக். பின்வரிசையில் கடைசியில் நிற்பவர் ஃபுல்பேக், பாதி தூரத்தில் ஹாஃப்பேக், கால்வாசி தூரத்தில் நிற்பவர் குவார்ட்டர்பேக். பெயருக்கு அர்த்தம் அவ்வளவுதான், நிற்கும் இடம். பந்தை முன்னோக்கி எறியவே 1906-ல்தான் அனுமதி வந்தது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல அணியின் மூளை அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: நான்கு டவுன், 10 கெஜம், ஒவ்வொரு டவுனுக்கும் ஒரு பிளே, ஸ்னாப்பில் தொடங்கி குவார்ட்டர்பேக் கையில் போகிறது.

எறிவதற்கு முன் அவர் என்ன பார்க்கிறார்?

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுபவர்களை இரண்டு விதமாக நிறுத்தலாம். ஒரு வரிசைக்கு ஒருவர் என்று பிரித்துவிடலாம், அந்த வரிசையில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் பொறுப்பு. இல்லையென்றால் ஆளுக்கு ஆள் ஒட்டலாம், "நீ சம்பந்தி பக்கத்திலேயே நில், அவர் எங்கே நகர்ந்தாலும் கூடவே போ" என்று. தடுக்கும் அணியும் இப்படித்தான். இடத்தைப் பிரித்துக்கொண்டு காவல் காப்பது ஸோன், ஆளோடு ஆள் ஒட்டுவது மேன்.

குவார்ட்டர்பேக் ஸ்னாப்புக்கு முன் கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான். எதிரணி சொல்லாது, மறைக்கத்தான் பார்க்கும். அதற்கு ஒரு எளிய தந்திரம் உண்டு. பந்து பிடிக்க ஓடும் ஆட்டக்காரருக்கு ரிசீவர் என்று பெயர். அவர்களில் ஒருவரை ஸ்னாப்புக்கு முன்பே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நடக்கச் சொல்வார். எதிரணியில் ஒருவர் அவர் பின்னாலேயே குறுக்கே ஓடி வந்தால், அநேகமாக மேன். யாரும் அசையாமல் அவரை அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டால், அநேகமாக ஸோன். அப்புறம் தூரத்தில் கடைசிக் காவலாக நிற்பவர்களை எண்ணுவார். ஒருவர் மட்டும் நடுவில் நின்றால் இரண்டு ஓரங்களும் பலவீனம், இருவர் பிரிந்து நின்றால் நடுவில் இடம் இருக்கும். பயிற்சியாளர் கொடுத்த பிளே இந்த வியூகத்துக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால் நின்ற இடத்திலேயே சங்கேத வார்த்தையைக் கத்தி பிளேயை மாற்றுவார். இதற்கு ஆடிபிள் என்று பெயர். பெரிய ஆட்டங்களில் கூட்டத்தின் இரைச்சலே ஆயுதமாக இருப்பது இதனால்தான், பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

ஸ்னாப் ஆன பிறகு சுமார் மூன்று வினாடி. அதற்குள் எறியவில்லையென்றால் நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ எடையுள்ளவர்கள் மேலே வந்து விழுவார்கள். அதுவும், ரிசீவர் இருக்கும் இடத்துக்கு எறிந்தால் பந்து போய்ச் சேரும்போது அவர் அங்கே இருக்க மாட்டார். ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையில் பொட்டலத்தைக் கொடுக்க வேண்டுமென்றால் ஜன்னல் இப்போது இருக்கும் இடத்துக்கா எறிவீர்கள்? வரப்போகும் இடத்துக்கு. நல்ல குவார்ட்டர்பேக் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிடுவார், அந்த இடம் அப்போது வெறுமையாக இருக்கும். தோள் வலு இதில் ஒரு பங்குதான்.

ஆக, இவர் தினமும் செய்வது எதிரணியின் எண்ணத்தைப் படிப்பது, தன் அணியின் பத்துப் பேரும் எந்த வினாடியில் எங்கே இருப்பார்கள் என்று மனப்பாடமாக வைத்திருப்பது, பதிலை உடனே சொல்வது. பயிற்சியாளரின் வேலையும் இதேதான், திடலுக்கு வெளியே நின்று செய்கிறார் என்பது மட்டும் வித்தியாசம்.

பல்கலைக்கழக ஃபுட்பால் நம் கல்லூரி விளையாட்டு மாதிரி இல்லை

இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். கல்லூரி ஆட்டம் என்றதும் மரத்தடியில் நாற்பது பேர் நின்று பார்க்கும் காட்சி நினைவுக்கு வரும். கெயின்ஸ்வில் என்ற ஊரில் உள்ள புளோரிடா பல்கலைக்கழகத் திடலில் 88,000 பேருக்கு மேல் உட்காரலாம். தொழில்முறை அணிகளுக்கு ஆள் வருவதே இங்கிருந்துதான். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் ஆண்டுதோறும் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களை வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும், அதற்கு டிராஃப்ட் என்று பெயர். மாணவர்கள் உதவித்தொகையில் படிப்பார்கள், ஆடுவார்கள். தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அவர்களுக்கு 2021-ல்தான் வழி திறந்தது. ஸ்பரியர் காலத்தில் அதெல்லாம் கிடையாது.

ஸ்பரியர் 1945-ல் மயாமி பீச்சில் பிறந்தார், அப்பா பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர். வளர்ந்தது டென்னசி மாநிலத்து ஜான்சன் சிட்டியில். 1964 முதல் 1966 வரை மூன்று பருவங்கள் புளோரிடாவுக்கு ஆடினார், ஏனென்றால் அப்போது முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது. அந்த ஆண்டுகளில்தான், 1965-ல், அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ராபர்ட் கேட், வெயிலில் துவளும் ஆட்டக்காரர்களுக்காக உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு பானம் தயாரித்தார். அணியின் பெயர் கேட்டர்ஸ், பானத்தின் பெயர் கேட்டரேட். இன்று நம் கடைகளிலும் கிடைக்கும் அதே கேட்டரேட்தான்.

அவருடைய பல்கலைக்கழக ஆட்டத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் போதும். 1966 அக்டோபர் 29, ஆபர்ன் அணியோடு சொந்தத் திடலில் ஆட்டம். 27-27 சமநிலை, நேரம் சில நிமிடங்கள்தான் பாக்கி. கம்பம் 40 கெஜத் தொலைவில். உதைப்பதற்கென்று அணியில் தனியாக ஒருவர் இருக்கிறார், ஆனால் அந்தத் தூரம் அவருக்குச் சற்று அதிகம். குவார்ட்டர்பேக்கே உதைக்கப் போனார். பந்து கம்பங்களுக்கு நடுவே போனது, 30-27. அந்த ஆண்டின் ஹைஸ்மன் கோப்பை, அதாவது நாட்டின் சிறந்த பல்கலைக்கழக ஆட்டக்காரருக்கான விருது, அவருக்குக் கிடைத்தது. அதை வாங்கிய கையோடு பல்கலைக்கழகத் தலைவர் ரைட்ஸிடம் கொடுத்துவிட்டார், மாணவர்கள் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கட்டும் என்று. மாணவர் மன்றம் பணம் போட்டு அதேபோல் இன்னொன்று செய்து அவருக்குத் தந்தது. அன்றிலிருந்து ஆட்டக்காரருக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று என இரண்டு கோப்பை தருவது வழக்கமானது.

கோப்பை வாங்கியவர் பெஞ்சில்

1967 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக சான் பிரான்சிஸ்கோ அணி அவரை எடுத்தது. அங்கே ஏற்கெனவே ஜான் பிரோடி இருந்தார், நல்ல குவார்ட்டர்பேக். ஒன்பது பருவங்களில் பெரும்பகுதி ஸ்பரியர் ஓரத்தில் நின்றார், சில ஆண்டுகள் பந்தைத் தூரமாக உதைத்து அனுப்பும் வேலையைப் பார்த்தார். 1972-ல் பிரோடி காயமடைந்தபோது நன்றாகவே ஆடினார், ஆனால் இடம் நிலைக்கவில்லை. 1976-ல் புதிதாகத் தொடங்கிய டாம்பா பே அணிக்குப் போனார். அந்த அணி அந்தப் பருவத்தின் 14 ஆட்டங்களிலும் தோற்றது. அதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கையும் கிட்டத்தட்ட முடிந்தது.

பல்கலைக்கழகத்தில் எல்லாரையும்விட மேலே இருந்தவர் தொழில்முறையில் ஏன் சாதாரணமானார் என்றால், ஒருவகையில் பதில் எளிது. அங்கே தடுப்பவர்கள் எல்லோருமே பல்கலைக்கழகத்தில் முதல்தரமாக இருந்தவர்கள், திறக்கும் இடம் சின்னது, மூடும் வேகம் அதிகம். அந்தப் பத்தாண்டு வீண் என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெஞ்சில் இருக்கும் குவார்ட்டர்பேக்கும் எல்லாக் கூட்டத்திலும் உட்கார வேண்டும், எல்லாப் படச்சுருளையும் பார்க்க வேண்டும், பிளேகளை மனப்பாடம் செய்ய வேண்டும். அடி மட்டும்தான் விழாது. எந்தத் திட்டம் ஏன் வேலை செய்யவில்லை என்று நின்று பார்ப்பதற்குச் சம்பளத்தோடு கிடைத்த ஒன்பது வருடம் அது.

பயிற்சியாளர் என்ன செய்கிறார்?

1978-ல் புளோரிடாவிலேயே குவார்ட்டர்பேக்குகளுக்கு மட்டுமான உதவிப் பயிற்சியாளராகத் தொடங்கினார். அப்புறம் ஜார்ஜியா டெக், டியூக், 1983 முதல் 85 வரை யு.எஸ்.எஃப்.எல். என்ற புதிய லீக்கில் டாம்பா பே பேண்டிட்ஸ். 1987-ல் டியூக் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர். டியூக் கூடைப்பந்துக்குப் பேர்போனது, ஃபுட்பாலில் 1962-க்குப் பிறகு பட்டமே இல்லை. 1989-ல் தங்கள் பிரிவின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். மறு வருடமே புளோரிடா அவரைத் திரும்ப அழைத்தது.

புளோரிடா ஆடும் பிரிவு எஸ்.இ.சி., தென்மாநிலப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. 1933-லிருந்து உறுப்பினர், ஆனாலும் கணக்கில் நிற்கும் பட்டம் ஒன்றுகூட இல்லை, 1984-ல் வென்றதும் விதிமீறலால் பறிபோனது. ஸ்பரியர் வந்த பிறகு 1991-ல் முதல் பட்டம், அதன்பின் 1993 முதல் 1996 வரை தொடர்ந்து நான்கு, 2000-ல் இன்னொன்று. பன்னிரண்டு பருவங்களில் 122 வெற்றி, 27 தோல்வி, ஒரு சமன். மற்றவர்கள் பந்தைக் கையில் பிடித்து இடித்துத் தள்ளி முன்னேறிக்கொண்டிருந்த பிரிவில் இவர் முதல் டவுனிலேயே எறியச் சொன்னார். ரிசீவர்களுக்கும் இப்படித்தான் ஓட வேண்டும் என்று ஒரே பாதையாகக் கொடுக்கவில்லை. காவல் ஸோன் என்றால் இங்கே நில், மேன் என்றால் வெட்டி ஓடு என்று ஓட்டத்தின் நடுவில் முடிவெடுக்கச் சொன்னார். எறிபவரும் ஓடுபவரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரிப் படித்தால்தான் இது நடக்கும். தப்பாகப் படித்தால் பந்து எதிரணி கையில்.

இதில் இரண்டு ஆட்டங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

1996 நவம்பர் 30. நாட்டுத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த புளோரிடா, அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான புளோரிடா ஸ்டேட்டிடம் 24-21 என்று தோற்றது. குவார்ட்டர்பேக் டேனி வுர்ஃபெல் அடிமேல் அடி வாங்கினார், எறிந்த பிறகும் அடி விழுந்தது. மற்ற ஆட்டங்களின் முடிவுகள் சாதகமாக அமைந்ததால் 1997 ஜனவரி 2 அன்று நியூ ஆர்லியன்ஸில் அதே அணியோடு தேசியப் பட்டத்துக்கு மறுபடி மோதும் வாய்ப்பு வந்தது. ஸ்பரியர் செய்த முக்கிய மாற்றம் ஒன்றுதான். வழக்கமாக வுர்ஃபெல், ஸ்னாப் தருபவரின் முதுகை ஒட்டி நின்று பந்தை வாங்கிப் பின்னால் ஓடுவார். இப்போது ஐந்து கெஜம் பின்னால் தள்ளி நின்றே வாங்கச் சொன்னார். இந்த நிலைக்குப் பெயர் ஷாட்கன். பின்னால் ஓடும் நேரம் மிச்சம், ஸ்னாப் ஆனது முதலே முகம் எதிரணியைப் பார்த்தபடி இருக்கும், பாய்ந்து வருபவர்களுக்குக் கூடுதல் தூரம். ஒரு வினாடிக்கும் குறைவான லாபம். முடிவு 52-20. ஐக் ஹில்லியர்டு என்ற ரிசீவர் அன்று மூன்று டச்டவுன். அதில் ஒன்றில் பந்தைப் பிடித்ததும் சடாரென்று நின்றுவிட்டார், துரத்தி வந்தவர்கள் பிரேக் பிடிக்க முடியாமல் அவரைத் தாண்டிப் போய் விழுந்தார்கள், அவர் நிதானமாக ஓடிப்போனார். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வுர்ஃபெல் அந்த ஆண்டு ஹைஸ்மன் வென்றார். ஹைஸ்மன் வாங்கியவர் பயிற்சியில் இன்னொருவர் ஹைஸ்மன் வாங்கியது அதுவே முதல்முறை.

அடுத்த ஆண்டு, 1997 நவம்பர், மறுபடி புளோரிடா ஸ்டேட், அதுவரை ஒரு தோல்விகூட இல்லாத அணி. ஸ்பரியரிடம் இப்போது வுர்ஃபெல் இல்லை. இரண்டு குவார்ட்டர்பேக்குகளை ஒவ்வொரு பிளேக்கும் மாற்றி மாற்றி இறக்கினார். ஒருவர் உள்ளே ஆடும்போது இன்னொருவர் இவர் பக்கத்தில் நிற்பார். இருவரும் எதிரணியைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள், அடுத்த பிளேயை இவர் நேரில் சொல்லி அனுப்புவார். தலைக்கவசத்துக்குள் வானொலி வைத்துப் பேச என்.எஃப்.எல். 1994-லேயே அனுமதித்திருந்தது, பல்கலைக்கழக ஆட்டத்தில் அது பரவலாக வந்தது 2024-ல்தான். இல்லாத வானொலிக்குப் பதில் ஆளையே அனுப்பினார் என்று வைத்துக்கொள்ளலாம். 32-29, புளோரிடா வென்றது.

பயிற்சியாளர் திட்டம் போடுவதும், ஆளுக்கு ஏற்ப அதை வளைப்பதும் எப்படி என்று இந்த இரண்டிலும் தெரிகிறது. கடைசி முடிவு எப்போதும் உள்ளே நிற்பவர் கையில்தான்.

எது கைகொடுக்கவில்லை?

குவார்ட்டர்பேக்காக இருந்து பயிற்சியாளர் ஆனவர்களுக்குத் தாக்குதல் பக்கம் கை வந்த கலை, தடுப்பு பக்கம் அப்படிச் சொல்ல முடியாது. 1995 பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் இறுதிக்கு வந்த புளோரிடா, நெப்ராஸ்காவிடம் 62-24 என்று நொறுங்கியது. ஸ்பரியர் செய்தது சரியான வேலை: கான்சாஸ் ஸ்டேட்டிலிருந்து பாப் ஸ்டூப்ஸை அழைத்து வந்து தடுப்பை ஒப்படைத்தார். அடுத்த பருவமே தேசியப் பட்டம். அந்த ஸ்டூப்ஸ் பின்னால் ஓக்லஹோமாவின் தலைமைப் பயிற்சியாளராகி 2000-ல் தேசியப் பட்டம் வென்றார். அவருடைய குவார்ட்டர்பேக் ஜாஷ் ஹைப்பல் 2021-ல் டென்னசியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

2002-ல் ஐந்தாண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் ஒப்பந்தத்தில் என்.எஃப்.எல்.லின் வாஷிங்டன் அணிக்குப் போனார் ஸ்பரியர். இரண்டு பருவங்களில் 12 வெற்றி, 20 தோல்வி, விலகிவிட்டார். திறமை திடீரென்று போய்விட்டதா என்றால் இல்லை. பல்கலைக்கழகப் பயிற்சியாளர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் வீட்டுக்கே போய்ப் பேசி ஆள் சேர்ப்பார், அதற்கு ரெக்ரூட்டிங் என்று பெயர். நன்றாகச் சேர்த்தால் பாதி எதிரணிகளைவிட உங்கள் ரிசீவர்கள் வேகமாக இருப்பார்கள். தொழில்முறையில் டிராஃப்டும் சம்பள உச்சவரம்பும் எல்லா அணிகளையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வைத்திருக்கும். புளோரிடாவில் தன்னிடம் ஆடிய வுர்ஃபெல்லையும் ஷேன் மேத்யூஸையும் அங்கே கூட்டிப்போனார், பல்கலைக்கழகத்தில் திறந்த இடங்கள் அங்கே திறக்கவில்லை. ஆட்டக்காரராக அவருக்கு நடந்ததே பயிற்சியாளராகவும் நடந்தது.

2005-ல் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போனதும் மறுபடி அவருடைய உலகம். 2010-ல் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 35-21 என்று வீழ்த்தினார்கள். 2011 முதல் 2013 வரை மூன்று பருவங்கள் தொடர்ந்து 11 வெற்றி, 2 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகம் அதற்கு முன் அப்படி ஒரு மூன்றாண்டைப் பார்த்ததில்லை. 2015 அக்டோபரில், பருவத்தின் நடுவிலேயே விலகினார். பல்கலைக்கழக ஆட்டத்தில் தலைமைப் பயிற்சியாளராக மொத்தம் 228 வெற்றி. கல்லூரி ஃபுட்பால் புகழ் மன்றத்தில் 1986-ல் ஆட்டக்காரராகச் சேர்க்கப்பட்டவர், 2017-ல் பயிற்சியாளராகவும் சேர்க்கப்பட்டார். இரண்டு வகையிலும் இடம்பெற்றவர்கள் அதுவரை மூன்றே பேர், இவர் நான்காமவர்.

1966-ல் அந்த 40 கெஜ உதை போன கெயின்ஸ்வில் திடலுக்கு 2016-ல் ஸ்டீவ் ஸ்பரியர் புளோரிடா ஃபீல்டு என்று பெயர் வைத்தார்கள்.